பூங்கோதைக்கு எந்த ஊர்

செவ்வாப்பேட்டை
2 மே 2024

அன்புள்ள மெர்சி,

என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்துவிட்டாய் என்றால் மீதியையும் படித்துவிடு. போன் பண்ணலாமே என்று நினைப்பாய். எனக்கு இரண்டு காதும் போய்விட்டது. மெஷின் வாங்கி மாட்டிப் பார்த்தேன். அதில் அரக்கோணம் ரயில் மட்டும் நன்றாகக் கேட்கிறது, மனிதர்கள் பேசுவது கேட்பதில்லை. மாடியில் குடியிருக்கும் ஈஸ்வரி ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுவாள். என் உலகம் இப்போது அந்த சிலேட்டுதான்.

போன ஞாயிறு வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் தட்டில் பழமும் பூவும் வைத்திருந்தார். ஏதேதோ பேசினார். ஈஸ்வரி எழுதினாள்: "அன்புசெல்வன். கவரைப்பேட்டை பக்கம். அம்மன் கோயில் கும்பாபிஷேகம்." அதற்குக் கீழே ஊர்ப் பெயரை எழுதினாள். நம் ஊர். சிலேட்டை வாங்கி மறுபடியும் படித்தேன்.

பச்சையப்பன் மகன், மெர்சி. அப்பா காலமெல்லாம் யார் கழனியில் குனிந்து கிடந்தாரோ அவருடைய மகன். என் எதிரே நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. அவருடைய அம்மா லட்சுமியம்மாள் இன்னும் இருக்கிறார்களாம், அம்மன் வேடத்தில் இருக்கும் என் சினிமாப் படத்துக்குத்தான் தினமும் விளக்கு ஏற்றுகிறார்களாம், கண்ணை மூடுவதற்குள் என்னை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நான் வந்து முதல் மரியாதை ஏற்க வேண்டும் என்கிறார்.

நான் யார் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு நான் நடிகை பூங்கோதை. பூங்கோதை தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் என்று அந்தக் காலத்தில் படக் கம்பெனிக்காரர்கள் பத்திரிகையில் எழுத வைத்தார்கள். அது அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

வருகிறேன் என்று தலையாட்டிவிட்டேன். மரியாதைக்காக இல்லை. கோயில் வேலை முடிந்ததும் காலனிக்கு நடந்து வந்து உன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க ஆசை. வரலாமா? அம்மா போனதிலிருந்து நமக்குள் பேச்சில்லை. அதை இந்த வயதில் இன்னும் எத்தனை காலத்துக்கு வைத்துக்கொள்வது?

உன் அக்கா
ஆரோக்கியமேரி


கவரைப்பேட்டை
14 மே 2024

மரியே வாழ்க.

அக்காவுக்கு மெர்சி எழுதுவது. நான் சுகம். வீட்டுக்காரருக்குத்தான் இரும்பு ஆலையில் இருந்த தூசி நெஞ்சில் தங்கி இருமல் நிற்கவில்லை. மகன் ஜெரால்ட் ஷிப்டுக்குப் போகிறான். பேத்தி ஏஞ்சலும் சிப்காட்டில் வேலைக்குப் போகிறாள்.

நீ வருவது நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். ஸ்டேஷன் வாசலில் பேனர் கட்டிவிட்டார்கள். கையில் சூலம், நெற்றியில் பெரிய பொட்டு, நீ. கீழே "அம்மனாக வாழ்ந்த பூங்கோதை அம்மையார் வருகை" என்று போட்டிருக்கிறது. ஏஞ்சல் பார்த்துவிட்டு, "ஆயா, இவங்க கண்ணு உன் கண்ணு மாதிரியே கீதுல்ல?" என்றாள். அவளுக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. வெயிலில் நிற்காதே வா என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

பேச்சில்லை என்று எழுதியிருக்கிறாய். பேச்சு ஏன் நின்றது என்று எழுதவில்லை. அம்மா கல்லறைச் சிலுவையில் இரண்டு மகள் பெயரும் போட வேண்டும் என்று நான் நின்றேன். என் பெயர் வேண்டாம், யாராவது பார்த்துவிடுவார்கள் என்றாய். ஒரு பெயர்தான் போட்டோம். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் அம்மா ஒரு பிள்ளை மட்டும் பெற்றவளாகத்தான் படுத்திருக்கிறாள்.

உனக்காக நாங்கள் எவ்வளவு வாயைக் கட்டினோம் என்று உனக்குத் தெரியுமா? உன் அம்மன் படம் வந்த வருஷம் நான் லட்சுமியம்மாள் வீட்டில் மாட்டுக்கொட்டகை கூட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் போக முடியாது. பின்வாசலில் நின்றால் நடை வழியாகப் பூஜை அறை தெரியும். அங்கே காலண்டரில் நீ. குங்குமமும் பூவுமாக. அந்த அம்மாள் உனக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, அதே கையால் எனக்குக் கூழை உயரத்தில் இருந்து ஊற்றுவார்கள். நான் குடித்துவிட்டு உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்பாவிடம் பச்சையப்பன் வரப்பில் நின்று சொன்னார். "இன்னா யேசுதாஸு, படம் பாத்தியா? சாட்சாத் அம்மனே வந்து நிக்கிற மாரி கீது. அந்தப் பொண்ணு எந்தக் குடும்பத்துல பொறந்துச்சோ." அப்பா குனிந்தபடியே, "ஆமா ஆண்டே" என்றார். வீட்டுக்கு வந்து எங்களிடம்தான் சொன்னார், "யாரும் வாயத் தொறக்காதீங்க. கொயந்த பொயப்பு பூடும்." காலனியில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருவர்கூட வாய் திறக்காமல் செத்துப்போனார்கள்.

இப்போது அவர்கள் கூப்பிட்டால் வருகிறாய். வழியில் என் வீட்டுத் தண்ணீரா? வேண்டாம். வராதே.

மெர்சி


செவ்வாப்பேட்டை
27 மே 2024

மெர்சி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. பிறகு பசித்தது, சாப்பிட்டேன். நடிகைக்கும் வயிறு உண்டு.

அப்பா என் படம் பார்த்தாரா? நீங்கள் யாருமே பார்க்கவில்லை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அதைப் பற்றி எழுது.

நீ உன் பக்கத்தைச் சொன்னாய், நான் என் பக்கத்தைச் சொல்கிறேன். கன்னியாஸ்திரிகள் என்னைப் படிக்க வைக்கச் சென்னைக்குக் கூட்டிப் போனபோது உனக்கு விவரம் தெரியாத வயது. அங்கே கிறிஸ்துமஸ் நாடகத்தில் மாதாவாக நின்றேன். ஒரு வார்த்தை வசனம் கிடையாது, சும்மா குழந்தையைப் பார்க்க வேண்டும். பார்க்க வந்த நாடகக்காரர் ஒருவர் என் கண்ணைப் பற்றிப் பேசினார். அங்கிருந்துதான் எல்லாம். சினிமாவில் பத்து வருஷம் கதாநாயகிக்குத் தோழியாகப் பூத் தொடுத்தேன், கதாநாயகனுக்குத் தங்கையாக விஷம் குடித்தேன். யாருக்கும் ஞாபகம் இருக்காது. எனக்கே சில படங்கள் ஞாபகம் இல்லை.

அம்மன் படத்துக்கு வேறொரு பெரிய நடிகையைத்தான் பேசியிருந்தார்கள். விரதம் இருக்க முடியாது என்று அவர் விலகினார். அந்தக் கம்பெனியில் அது கட்டாயம். அம்மன் வேடம் போடுகிறவள் படம் முடியும்வரை கறி, மீன் தொடக் கூடாது, பாயில்லாமல் தரையில் படுக்க வேண்டும். நான் ஒப்புக்கொண்டேன். நம் வீட்டில் நாம் எப்போது பாயில் படுத்தோம்?

செட்டுக்குள் முதலாளிகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். மேக்கப் போடும் ராஜமாணிக்கம் அண்ணன் என்னைக் கும்பிட்டுவிட்டுப் பொட்டு வைப்பார். வைத்த பிறகு விரல் படாமல் விலகிவிடுவார். நான் ரவிக்கைக்குள் ஜெபமாலை போட்டிருந்தேன். அம்மா கொடுத்தது. சூலத்தை ஓங்குகிற காட்சியில் ஒருநாள் அது வெளியே வந்து தொங்கியது. ராஜமாணிக்கம் அண்ணன் மட்டும்தான் பார்த்தார். பூமாலையைச் சரிசெய்வதுபோல் வந்து அதை உள்ளே தள்ளினார். "கண்ணுல உக்கிரம் கொறையுது தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

படம் ஓடியது. என் பிழைப்பு அதோடு முடிந்தது, அது உனக்குத் தெரியாது. அடுத்த படத்தில் வில்லன் என் கன்னத்தில் அறைய வேண்டும். வில்லனுக்குக் கை வரவில்லை. அவர் மனைவி வேண்டாம் என்று அழுதாளாம். கதாநாயகன் என் கையைப் பிடித்துப் பாட மறுத்தார். என்னை யாராலும் அடிக்கவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் முடியவில்லை. பிறகு சினிமாவில் என்ன வேலை? பெண் பார்க்க வந்த ஒருவர் என் எதிரே உட்காரவே மாட்டேன் என்று நின்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அன்று ராத்திரி அழுகையும் வந்தது. அப்புறம் முழுக்கக் கோயில் விழாக்கள். பூங்கோதை வருகிறாள் என்றால் கூட்டம் கூடும். அம்மா செத்தபோதும் அதில்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன். சிலுவையில் பெயர் வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது உனக்குப் புரியும். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இனிமேல் போக எந்தப் பிழைப்பும் இல்லை. அன்று என் கையில் மைக் கொடுப்பார்கள். அப்பா பெயரைச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

அக்கா


கவரைப்பேட்டை
5 ஜூன் 2024

மரியே வாழ்க.

அக்கா, உன் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. கெஞ்சி எழுதுகிறேன். சொல்லாதே.

நம் மாதா திருவிழாச் சப்பரம் உனக்கு ஞாபகம் இருக்கும். மாதா கோயிலில் இருந்து கிளம்பி, ஊர்க்காரர்களின் பெரிய தெருவில் கால் வைக்காமல், ஏரிக்கரையைச் சுற்றிச் சேற்றில் தூக்கிக்கொண்டு வருவோம். நீ சிறுமியாக இருந்தபோதும் அப்படித்தான், நேற்றுவரை அப்படித்தான். இந்த வருஷம் முதல்முறையாகப் பெரிய தெரு வழியாக வர அன்புசெல்வன் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஜெரால்டும் பையன்களும் ரொம்ப நாள் நடையாய் நடந்து வாங்கிய வாக்கு அது. அதற்குத்தான் நம் பையன்கள் கும்பாபிஷேகத்துக்குப் பந்தல் கட்டுகிறார்கள், தண்ணீர் ஊற்றுகிறார்கள். அன்புசெல்வன் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு ஊரே இருக்கிறது. அதில் பாதிப் பேர் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போகிறார்கள்.

அந்த மேடையில் ஏறி, நீங்கள் கும்பிட்டது காலனிப் பெண்ணை என்று நீ சொன்னால் என்ன ஆகும்? அசிங்கப்படுத்திவிட்டார்கள் என்பார்கள். எல்லாரும் சேர்ந்து திட்டம் போட்டதாகச் சொல்வார்கள். சப்பரம் நின்றுபோகும். நீ சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவாய். நாங்கள் அந்தத் தெருக் கடையில்தான் பால் வாங்க வேண்டும்.

அப்பா படம் பார்த்தாரா என்று கேட்டாயே. பார்த்தார். கும்மிடிப்பூண்டி டூரிங் கொட்டகையில், மணலில் உட்கார்ந்து. நானும் போனேன். நீ வந்து நின்றதும் பெண்கள் ஆடினார்கள், திரைக்கு முன்னால் தேங்காய் உடைத்தார்கள், எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். அப்பா மட்டும் நின்றுகொண்டே இருந்தார். உட்காருடா என்று பின்னால் இருந்து யாரோ கத்தியும் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா ஆவலாகக் கேட்டாள், எப்படி இருக்கிறாள் என்று. "எளைச்சிட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

வருவது உன் இஷ்டம். வாயை மட்டும் திறக்காதே.

மெர்சி


செவ்வாப்பேட்டை
11 ஜூன் 2024

மெர்சி,

சரி. சப்பரம் போகட்டும். வாய் திறக்கவில்லை, சத்தியம். வசனம் இல்லாத வேடம் எனக்குப் புதிதா என்ன?

உன் வீட்டுக்கும் வரவில்லை. நீ கூப்பிடாமல் வரமாட்டேன்.

அப்பா சொன்ன அந்த ஒரு சொல்லை ஈஸ்வரியைக் கூப்பிட்டு சிலேட்டில் எழுதச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். சும்மா என்றேன். அந்தப் படத்துக்கு எத்தனையோ பேர் எத்தனையோ எழுதினார்கள். பார்க்க வேண்டியதை அவர் ஒருவர்தான் பார்த்திருக்கிறார்.

அக்கா


செவ்வாப்பேட்டை
15 ஜூலை 2024

மெர்சி,

சத்தியத்தை மீறிவிட்டேன். நீயும் கூட்டத்தில் எங்கேயோ நின்றிருப்பாய். நான் தேடினேன், கண் கூசியது, யாரும் தெரியவில்லை.

மரியாதை எல்லாம் முடியும்வரை பொம்மை மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். பட்டுத் துணியைத் தலையில் கட்டினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தபோது "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று ஒரே வரி சொன்னேன். திருப்பிக் கொடுக்க நீட்டிய நேரத்தில் லட்சுமியம்மாளை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். கையைப் பிடித்து இறக்கினதும் என் காலில் விழுந்துவிட்டார்கள். நான் தடுப்பதற்குள் விழுந்தாகிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. அப்படியே கிடந்தபடி தலையைத் தூக்கி என்னவோ கேட்டார்கள். கூட வந்திருந்த ஈஸ்வரி சிலேட்டைக் காட்டினாள்: "தாயீ, நீ பொறந்தது எந்த ஊரு?"

தஞ்சாவூர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறேன். தொண்ணூறு வயதைத் தாண்டிய மனுஷி தரையில் கிடந்து கேட்கும்போது பொய் வரவில்லை, மெர்சி. "இதே ஊருதாம்மா. காலனி. யேசுதாஸ் பெரிய பொண்ணு" என்றேன். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

அப்புறம் வாய்கள் அசைவதை மட்டும் பார்த்தேன். மேளக்காரர்கள் குச்சியை இறக்கினார்கள். ஒருவர் கையை ஓங்கிப் பேசினார். அன்புசெல்வன் என்னைப் பார்க்காமல் அவர் அம்மாவைத் தூக்கினார். யாரோ என்னை நடத்திக் காரில் ஏற்றிவிட்டார்கள். ஈஸ்வரியிடம் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். சிலேட்டை மடியில் கவிழ்த்துவிட்டாள். இன்றுவரை எழுத மாட்டேன் என்கிறாள்.

திட்டினார்கள் என்றால் திட்டை எழுது. சப்பரம் நின்றுவிட்டதா? உனக்கும் ஜெரால்டுக்கும் ஏதாவது ஆனதா? எனக்குக் கேட்கவில்லை என்பதால் நடக்காமல் போய்விடாது. எழுது, மெர்சி.

அக்கா


கவரைப்பேட்டை
24 ஆகஸ்ட் 2024

மரியே வாழ்க.

அக்கா, உடனே பதில் போடாமல் இருந்தது கோபத்தால்தான். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். இப்போது எழுத விஷயம் இருக்கிறது.

நான் பந்தல் ஓரம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றிருந்தேன். நீ சொன்னது ஸ்பீக்கர் வழியாகக் காலனி வரைக்கும் கேட்டது. அப்பா பெயரை அந்தத் தெருவில் மைக்கில் யாரும் சொன்னதில்லை. எனக்கு முதலில் பயம் வரவில்லை. அந்தப் பெயரை வாய்க்குள் நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அப்புறம்தான் பயம் வந்தது.

கையை ஓங்கினவர், "கோயில மறுபடி கய்வணும்டா, எல்லாத்தையும் மொதல்லருந்து பண்ணணும்" என்று கத்தினார். இன்னொருவர், "அவுங்க எல்லாம் சேந்துக்கினு நம்மள அவமானம் பண்ட்டாங்க" என்றார். பந்தல் கட்டின நம் பையன்களை அப்போதே வெளியே போகச் சொன்னார்கள். அன்புசெல்வன் அவர் அம்மாவைத் தூக்கிக்கொண்டே அதைக் கேட்டார், தடுக்கவில்லை. லட்சுமியம்மாள் மட்டும் கேட்டார்கள், "யேசுதாஸ் பொண்ணா? நம்ம களத்துல நெல்லு தூத்துவாளே, அந்தக் கொயந்தயா?" அவர்களை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் தொட்டிப் பக்கமே நின்றேன்.

அந்த வீட்டில் வேலை செய்கிற பெண் சொன்னாள், அன்று சாயங்காலம் காலண்டருக்கு விளக்கு ஏற்றவில்லையாம். மறுநாளும் இல்லை. அடுத்த நாள் ஏற்றிவிட்டார்களாம். மருமகள் சத்தம் போட்டதற்கு, "நீ போ, எனுக்கு வேற யாரத் தெரியும்" என்றார்களாம்.

சப்பரம் பெரிய தெருவில் வரக்கூடாது என்று ஊர்க்காரர்கள் தாசில்தாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் மாதா கோயில் பங்கிலும் பாதிப் பேர் என்னைத்தான் பேசினார்கள், உங்கள் அக்காவால்தான் கெட்டது என்று. ஏஞ்சல் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நீ சொன்னதற்காக இல்லை, நான் சொல்லாததற்காக. "இத்தினி வருசமா எங்கிட்ட மறைச்சிக்கினு கீற, ஆயா" என்றாள்.

நேற்று தாசில்தார் ஆபீசில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமாதானக் கூட்டம் போட்டார்கள். ஜெரால்ட் வரவேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நானும் போனேன். ஊர்ப் பக்கம் ஒருவர் எழுந்து, நாங்கள் கூப்பிட்ட நடிகைக்குக் காசு கொடுத்துக் காலனிப் பெண் என்று சொல்ல வைத்துவிட்டார்கள், அவள் தஞ்சாவூர்க்காரி என்பது உலகத்துக்கே தெரியும் என்றார். தாசில்தார் எங்கள் பக்கம் திரும்பி, அந்த அம்மாவை இங்கே யாருக்காவது தெரியுமா என்று கேட்டார்.

நம் பக்கம் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். பழக்கம், அக்கா. அப்பா கட்டிய வாய். என் முட்டி வலியோடு நான் எழுந்து நின்றேன். "எனுக்குத் தெரியும் சார். அது எங்க அக்கா. கூடப் பொறந்த அக்கா. பேரு ஆரோக்கியமேரி" என்றேன். உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அன்புசெல்வன் என் முகத்தையே பார்த்தார். பார்த்துவிட்டு, "கண்ணு ஒரே மாரிதான் கீது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார்.

முடிவு இன்னும் வரவில்லை. பெரிய தெருவா ஏரிக்கரையா என்று அடுத்த வாரம் சொல்வார்களாம். எதுவாக இருந்தாலும் செப்டம்பர் எட்டாம் தேதி மாதா திருவிழா உண்டு. நீ முதல் நாளே வந்துவிடு. ஏஞ்சல் செவ்வாப்பேட்டைக்கு வந்து கூட்டி வருவாள், உன்னைப் பார்க்க அவளுக்கு அவசரம். பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டி மாற வேண்டும், அவள் கையைப் பிடித்துக்கொள்.

எந்த வழியாகப் போனாலும் சப்பரத்துக்குப் பின்னால் நீயும் நானும் நடக்கிறோம். மெதுவாகத்தான் தூக்குவார்கள், பயப்படாதே.

உன் தங்கை
மெர்சி